ஜென் ஹுவான் செய்த பாவங்கள்

2013 செப்டம்பரில், சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளேடான ‘மக்கள் நாளிதழ்’ ஒரு தொலைக்காட்சித் தொடரைக் கண்டித்துக் கட்டுரை வெளியிட்டது. எழுதியவர் பெய்ஜிங் பேராசிரியரும் பண்பாட்டு விமர்சகருமான தாவ் தொங்ஃபெங். அவர் குறிவைத்தது ‘ஜென் ஹுவானின் கதை’ என்ற அரண்மனைத் தொடரை. கெட்டவர்களை வெல்ல வேண்டுமானால் அவர்களைவிடக் கெட்டவராக வேண்டும் என்று அந்தத் தொடர் கற்பிக்கிறது, சமூகத்தின் அறவுணர்வை அது அரித்துவிடும் என்பது அவருடைய வாதம். எதிர்நிலைக்கு அவர் கொரியாவின் ‘தே ஜாங்-கம்’ தொடரைக் காட்டினார். அதன் நாயகியும் அரண்மனையில் வதைபடுகிறாள். ஆனால் கடைசிவரை நல்லவளாகவே இருந்து வெல்கிறாள். ஜென் ஹுவானோ தன் எதிரிகளைப் போலவே ஆகி வெல்கிறாள்.

வரலாற்றுத் தொடர்களில் தவறு செய்யும் நாயகிகளைப் பற்றி எழுந்த விவாதங்களில் இதைப் போல நேராகக் கேட்கப்பட்ட கேள்வி குறைவு. தாவின் கேள்வியை நான் மதிக்கிறேன். பாவம் செய்தவள் வெல்வதைக் கோடிக்கணக்கானோர் இரவு இரவாகப் பார்த்து மகிழ்ந்தால், அந்த மகிழ்ச்சியை விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் எட்டிய தீர்ப்பு தவறு என்று நினைக்கிறேன். நாயகி பாவம் செய்கிறாளா என்பதோடு ஒரு தொடரின் அறம் முடிந்துவிடுவதில்லை. அந்தப் பாவத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை அது காட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், ‘ஜென் ஹுவானின் கதை’ தன்னைக் கண்டித்தவர்கள் நினைத்ததைவிடக் கடுமையான அறநூல்.

தொடரின் பின்புலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லியூ லியான்ட்ஸி என்ற புனைபெயரில் ஓர் இளம்பெண் இணையத்தில் எழுதிய நாவல் அதன் மூலம். நாவலில் வருவது கற்பனையான ஓர் அரசவம்சம். இயக்குநர் ஜெங் சியாவ்லொங் கதையைத் தூக்கி, சிங் வம்சத்துப் பேரரசர் யோங்ஜெங்கின் காலத்தில் (1722–1735) வைத்தார். 76 பகுதிகள் கொண்ட தொடர் 2011-இல் வெளிவந்து, 2012-இல் செயற்கைக்கோள் அலைவரிசைகள் வழியாக நாடெங்கும் பரவியது. நாயகியாக நடித்த சுன் லீயின் பெயர் 2013-இல் சர்வதேச எம்மி விருதின் சிறந்த நடிகை பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. கற்பனை வம்சத்திலிருந்து உண்மை வரலாற்றுக்கு நடந்த இந்த இடமாற்றம் முக்கியமானது. கற்பனை வம்சத்தில் ஓர் அரசி விஷம் வைத்தால் அது கதை. உண்மையான பேரரசரின் மனைவி அதைச் செய்தால், உண்மையில் வாழ்ந்த ஒரு பெண்ணின் மேல் அந்தப் பழி போய் விழுகிறது. இந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

ஜென் ஹுவான் அரண்மனைக்குள் நுழையும்போது ஆசை எதுவும் இல்லாதவள். தேர்வில் தன்னை ஒதுக்கிவிட மாட்டார்களா என்று ஏங்குகிறவள். உள்ளே நடப்பதைக் கண்டதும் நோய் என்று பொய் சொல்லிப் பேரரசரின் கண்ணில் படாமல் ஒதுங்கியிருக்கிறாள். அவளுடைய முதல் சூழ்ச்சியே ஆட்டத்தில் சேராமல் இருப்பதற்காகச் செய்த சூழ்ச்சி. பிறகு பேரரசர் அவளைக் காண்கிறார். அவளும் மனதாரக் காதலிக்கிறாள். இறந்துபோன தன் முதல் பேரரசியின் சாயல் இருப்பதால்தான் அவர் தன்னை விரும்பினார் என்று அறியும் நாளில் அந்தக் காதல் முறிகிறது. தந்தை நாடுகடத்தப்படுகிறார். அவள் ஒரு மகளைப் பெற்றுப்போட்டுவிட்டுப் பிக்குணி மடத்துக்குப் போகிறாள். அங்கே பேரரசரின் தம்பி இளவரசர் யுன்லியோடு மெய்யான அன்பு வாய்க்கிறது, கருவுறுகிறாள். யுன்லி இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. வயிற்றுப் பிள்ளையையும் தன் குடும்பத்தையும் காக்க அவளுக்கு ஒரே வழிதான் தெரிகிறது: பேரரசரை மறுபடி மயக்கி, அந்தக் கரு அவருடையது என்று நம்பவைத்து, அரண்மனைக்குத் திரும்புவது. திரும்புகிறாள். யுன்லி உயிரோடு இருப்பது தெரியவரும்போது காலம் கடந்துவிடுகிறது.

இனித்தான் தாவ் குறிப்பிட்ட ‘கெட்டவள்’ உருவாகிறாள். அதற்குமுன் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொடரின் முதல் பாதியில் நாயகியின் பெரும்பகை ஹுவா என்ற அரசி. தளபதி நியான் கெங்யாவின் தங்கை. அகந்தை, அடி, அதட்டல் எல்லாம் உடையவள். அவளுடைய மாளிகையில் எப்போதும் ஒரு தூபம் புகைந்துகொண்டே இருக்கும். பேரரசர் அவளுக்கென்றே தனியாகத் தயாரிக்கச் செய்த வாசனை அது. வேறு எந்த மனைவிக்கும் கிடையாது. தன்மேல் அவருக்குள்ள அன்பின் சான்றாக அவள் அதைப் பெருமையோடு ஏற்றுகிறாள். அந்தத் தூபத்தில் கஸ்தூரி கலந்திருக்கிறது. நாள்பட முகர்ந்தால் கருத் தங்காது என்பது கதை. நியான் குலத்தின் ரத்தத்தில் ஓர் இளவரசன் பிறந்துவிடக் கூடாது என்று பேரரசரே கலக்கச் சொன்னது. வைத்தியர்களுக்குத் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. பிள்ளைக்காக ஏங்கி ஏங்கி, கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டு, மற்றவர்களின் பிள்ளைகள்மேல் பொறாமைப்பட்டு, அந்தப் பொறாமையிலேயே கொடுமைக்காரியாகிப்போனவள் ஹுவா.

ஒருநாள் கருவுற்றிருந்த ஜென் ஹுவானை வெயிலில் மண்டியிட வைத்து ஹுவா தண்டிக்கிறாள், கரு கலைகிறது. மண்டியிடுமுன் ஜென் ஹுவான் இருந்த கூடத்தில் எரிந்துகொண்டிருந்ததும் அதே தூபம்தான். மனைவியாய் இருந்த ஒருத்திக்குப் பேரரசர் வைத்த நஞ்சு, மற்றொருத்தியின் வயிற்றிலிருந்த அவருடைய பிள்ளையின் சாவிலும் பங்குகொள்கிறது. குற்றவாளி என்று எல்லாரும் ஹுவாவைக் காட்டுகிறார்கள். பின்னாளில் நியான் குலம் விழுகிறது. ஹுவாவைத் தற்கொலை செய்துகொள்ளச் சொல்லி ஆணை வருகிறது. பேரரசரைப் பார்க்காமல் சாகமாட்டேன் என்று அவள் மறுக்கிறாள். அப்போது ஜென் ஹுவான் போய்த் தூபத்தின் ரகசியத்தை அவளிடம் சொல்கிறாள். பொய் கலவாத முழு உண்மை. அதைக் கேட்ட ஹுவா சுவரில் தலையை மோதி உயிர்விடுகிறாள். கையில் கத்தி எடுக்காமல் உண்மை ஒன்றைக் கொண்டே ஒரு கொலை நடக்கிறது. பார்க்கிற நமக்குப் பழிதீர்ந்த நிறைவு வர வேண்டிய இடம்; வருவதோ ஹுவாவின்மேல் இரக்கம். தொடர் அந்தச் சாவை அவசரப்படாமல் நின்று காட்டுகிறது. நாயகி வென்ற காட்சியில் தோற்றவளுக்காக அழவைக்கும் ஒரு படைப்பைக் கெட்டதைப் போற்றுகிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்ததுதான் ஜென் ஹுவான் செய்த மிகப் பெரிய பாவம். மீண்டும் கருவுற்ற அவளிடம், இந்தக் கரு நிலைக்காது என்று வைத்தியர் சொல்லிவிடுகிறார். எப்படியும் போகப்போகிற கரு. அதைக்கொண்டு பேரரசியை வீழ்த்த முடிவுசெய்கிறாள். பேரரசியோடு தனித்திருக்கும் நேரத்தில் தானே விழுந்து, அவள் தள்ளிவிட்டதாகப் பழிபோடுகிறாள். சாட்சி இல்லாமல் வழக்கு இழுபறியாகிறபோது ஒரு சிறுமி முன்னால் வருகிறாள். ஜென் ஹுவான் மடத்துக்குப் போகுமுன் பெற்றுவிட்டுப்போன மகள் லொங்யுவே. இன்னொரு மனைவியிடம் வளர்ந்தவள். திரும்பி வந்த தாயை முதலில் தாயாக ஏற்கவே மறுத்தவள். பேரரசி தள்ளியதைத் தான் பார்த்ததாக அந்தப் பிள்ளை சொல்கிறது. பிள்ளையின் சொல்லுக்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பேரரசர் நம்புகிறார்.

அந்தப் பொய்யை லொங்யுவேக்கு யார் கற்றுக்கொடுத்தது? அரண்மனையில் பிறந்து அரண்மனையில் வளர்ந்த பிள்ளைக்கு ஆசான் தேவையில்லை. தாயை வெறுத்த மகள் தாயோடு சேர்கிற இடம் அது. சேர்த்துவைப்பது ஒரு பொய். நாயகியின் குற்றம் அடுத்த தலைமுறையின் நாக்குக்கு வந்துவிட்டதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை. தாவ் சொன்ன ‘கெட்டவராக ஆகி வெல்லும்’ பாடம் இங்கே இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தப் பாடத்தைப் படிக்கிற மாணவி ஒரு சிறுமி என்பதையும் தொடர் நம் முகத்துக்கு நேரே வைக்கிறது. வெற்றியை ரசித்துக்கொண்டிருந்தவர்கள் அந்தச் சிறுமியைப் பார்த்ததும் ஒரு கணம் வாயடைத்துப்போக வேண்டும். போகாதவர்களும் உண்டு. அதற்குத் தொடரைக் குறைசொல்வதா, பார்ப்பவரைக் குறைசொல்வதா?

ரத்தச் சோதனைக் காட்சி இன்னும் சிக்கலானது. மடத்தில் கருவுற்று அரண்மனைக்குத் திரும்பியபின் அவள் பெற்ற இரட்டைப் பிள்ளைகள் பேரரசருடையவை அல்ல, வைத்தியர் வென் ஷிசுவுடையவை என்று சபையில் ஜென் ஹுவான்மேல் குற்றம் சாட்டப்படுகிறது. தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தியரின் ரத்தத்தையும் குழந்தையின் ரத்தத்தையும் சொட்டவிடுகிறார்கள், இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. தண்ணீரில் படிகாரம் கலந்திருப்பதை ஜென் ஹுவான் கண்டுபிடிக்கிறாள். படிகாரத் தண்ணீரில் யாருடைய ரத்தமும் சேரும் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. புதுத் தண்ணீர் வருகிறது, ரத்தம் சேரவில்லை, அவள் தப்புகிறாள். பார்க்கிற நாம் மூச்சுவிடுகிறோம். ஆனால் நமக்குத் தெரியும், குற்றச்சாட்டின் பாதி உண்மை. பிள்ளைகள் பேரரசருடையவை அல்லதான். தகப்பனின் பெயரைத்தான் எதிரிகள் தவறாகச் சொல்லிவிட்டார்கள். நிரபராதி பொய்ச்சாட்சியிலிருந்து தப்புவதாகப் படமாக்கப்பட்ட காட்சியில், தப்புகிறவள் நிரபராதி அல்ல. விலை? பழி நீங்கத் தன்னைத்தானே ஆண்மை நீக்கிக்கொள்கிறார் வென் ஷிசு. அதைக் கேள்விப்பட்ட அதிர்ச்சியில் ஜென் ஹுவானின் உயிர்த்தோழி ஷென் மெய்ஜுவாங் பிரசவத்தில் இறக்கிறாள். அரண்மனைக்குள் நுழைந்த நாளிலிருந்து அவளைத் தாங்கியவர்கள் இந்த இருவரும்தான்.

இப்போது ஜாங்-கம்முக்கு வருவோம். 2003–04-இல் கொரியாவின் எம்பிசி தயாரித்து, 2005-இல் சீனாவின் ஹுனான் தொலைக்காட்சியில் ஓடிப் பெரும் வரவேற்பு பெற்ற தொடர் அது. லீ யங்-ஏ நடித்த அந்த நாயகியை எனக்கும் பிடிக்கும். ஆனால் தாவ் செய்த ஒப்பீட்டில் ஒரு பெரிய விடுபடல் இருக்கிறது. ஜாங்-கம்முக்கு ஒரு தொழில் உண்டு. முதலில் அரச சமையற்கட்டில் பணிப்பெண், பிறகு மருத்துவம் படித்த பெண். ஜோசன் அரச வம்ச நடப்புக் குறிப்பேடுகளில் ஜுங்ஜோங் மன்னருக்கு வைத்தியம் பார்த்த பெண்ணாக அவள் பெயர் வருகிறது. உப்பு சரியாக இருந்தால் நாக்கு சொல்லிவிடும். மருந்து சரியாக இருந்தால் நோயாளி எழுந்து உட்கார்ந்துவிடுவார். திறமைக்கு வெளியே ஒரு சாட்சி இருக்கும்போது நேர்மை பயன்படும் ஆயுதம். தன் வேலையைச் செம்மையாகச் செய்வதே போதும் என்று அவளால் நிற்க முடிகிறது.

ஜென் ஹுவானுக்கு அப்படி நிற்க இடம் எங்கே? கவிதை தெரியும், நாட்டியம் தெரியும், படித்தவள். எல்லாமே ஒரே ஒரு மனிதரின் விருப்பத்தில் அளக்கப்படும். அந்த விருப்பம் போனால் அவளோடு அவள் தந்தையும் தங்கையும் வேலைக்காரர்களும் போவார்கள். ஜாங்-கம் சமைத்தாள், குணப்படுத்தினாள். ஜென் ஹுவான் பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த இரண்டு பெண்களையும் ஒரே அளவுகோலில் வைத்து ஒருத்தி நல்லவள், மற்றவள் கெட்டவள் என்று தீர்ப்பளிப்பது, இருவரும் எந்த வேலையில் இருந்தார்கள் என்பதையே மறந்துவிடுகிறது. நிலப்பிரபுத்துவ மண முறையின் கொடுமையைக் காட்டவே தொடரை எடுத்ததாக ஜெங் சியாவ்லொங் சொல்லியிருக்கிறார். சீனாவின் இளம் அலுவலகப் பணியாளர்கள் பலர் அதை வேறுவிதமாகப் படித்தார்கள். மேலதிகாரியிடம் எப்படிப் பேசுவது, சகபணியாளரை எப்படி எச்சரிக்கையோடு கையாள்வது என்பதற்கு அதிலிருந்து பாடம் எடுத்தார்கள். தாவின் கவலைக்கு அடிப்படை இந்த வாசிப்புதான். அதைப் புறந்தள்ள முடியாது. ஆனால் ஒரு மனிதரின் முகக்குறியை வைத்துப் பதவியும் சம்பளமும் தீர்மானமாகும் அலுவலகங்கள் இருக்கும்வரை, அங்கே வேலை செய்கிறவர்கள் இந்தக் கதையில் தங்களைக் காண்பார்கள். தொடரை நிறுத்தினால் அது மாறிவிடாது.

வரலாறு என்ன சொல்கிறது? ஜென் ஹுவானுக்கு மூலமாகக் கொள்ளப்படும் பெண் நியோஹூரு குலத்தவள், பேரரசர் சியான்லொங்கின் தாய். பெரிய குடும்பம் அல்ல. தந்தை நடுத்தரப் பதவியில் இருந்தவர். யோங்ஜெங் இளவரசராக இருந்தபோதே, பதின்பருவத் தொடக்கத்தில், அவர் வீட்டுக்கு வந்தவள். தொடரில் சியான்லொங் அவளுக்கு வளர்ப்பு மகன். உண்மையில் 1711-இல் அவளே பெற்ற மகன். 1735-இல் யோங்ஜெங் திடீரென்று இறந்தபின் 42 ஆண்டுகள் பேரரசித் தாயாக வாழ்ந்து 1777-இல் மறைந்தாள். மகன் அவளைத் தன் தெற்குப் பயணங்களுக்கு அழைத்துப்போனான். அவளுடைய அறுபதாம் ஆண்டு நிறைவையொட்டிக் கட்டத் தொடங்கியதுதான் இன்று பெய்ஜிங்கில் உள்ள கோடைக்கால அரண்மனைத் தோட்டம். அவள் யாருக்கும் விஷம் வைத்ததாகவோ யாரையும் காதலித்ததாகவோ எந்தக் குறிப்பும் இல்லை. தொடரில் அவள் கைகளில் உயிர்விடும் யுன்லி, உண்மையில் அண்ணனுக்குப் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1738-இல் இறந்தவர். தூபத்தால் மலடாக்கப்பட்ட ஹுவாவின் மூலப் பெண்ணோ நான்கு பிள்ளைகளைப் பெற்றாள்; எல்லாருமே இளமையில் இறந்துபோனார்கள். 1725-இல் அவள் சாகக் கிடந்தபோது பேரரசர் அவளுக்குப் பேரரசிக்கு அடுத்த உயர்ந்த பட்டத்தைக் கொடுத்தார். அண்ணன் நியான் கெங்யாவைத் தற்கொலைக்கு ஆணையிட்டது அதன் பிறகு சில வாரங்களில்.

ஆக, பதிவேட்டில் கறையே இல்லாத ஒரு பெண்ணின்மேல் தொடர் கறையைப் பூசியிருக்கிறது. இது அநியாயம்தானே என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் வழக்கமான திசை எது என்றும் பார்க்க வேண்டும். உலகமெங்கும் அரண்மனைக் குறிப்புகளை எழுதியவர்கள் ஆண்கள். வாரிசுச் சண்டையில் தோற்ற கட்சியின் பெண்ணையோ, அளவுக்கு மீறிச் செல்வாக்குப் பெற்ற பெண்ணையோ விஷக்காரி, சூனியக்காரி என்று எழுதிவைப்பது அவர்களின் வழக்கம். ரோமின் லிவியா அகஸ்டஸின் வாரிசுகளை ஒவ்வொருவராகக் கொன்றாள் என்ற பேச்சை டாசிடஸ் ஜாடையாக எழுதிவைத்தார். அதை ராபர்ட் கிரேவ்ஸ் நாவலாக்கி, பிபிசி 1976-இல் ‘ஐ, கிளாடியஸ்’ தொடராக்கியது. கொரியாவின் ஜாங் ஹுய்-பின், அரசி இன்ஹியோனுக்குச் சூனியம் வைத்ததாகக் குற்றம்சாட்டப்பட்டு 1701-இல் சாகடிக்கப்பட்டவள். அவள் கதை கொரியத் திரையில் திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டிருக்கிறது.

லிவியாவாக நடித்த ஷான் பிலிப்ஸின் ஒரு காட்சியை மட்டும் சொல்லிவிடுகிறேன். கிழவியான லிவியா பேரன் கிளாடியஸை விருந்துக்கு அழைத்துத் தன் கொலைகளை ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்கிறாள். பிறகு கெஞ்சுகிறாள்: நான் செத்தபின் என்னைத் தெய்வமாக்கிவிடு, இல்லாவிட்டால் செய்த பாவத்துக்கு நரகத்தில் கிடப்பேன். வரலாற்றில் லிவியா கி.பி. 29-இல் இறந்தாள், கிளாடியஸ் பேரரசனானதும் 42-இல் அவளைத் தெய்வமாக்கினான். பட்டியலில் ஒரு வரியாகக் கிடந்த அந்தத் தகவலுக்குள் பயந்துபோன ஒரு மூதாட்டியைத் தொடர் வைத்தது. டாசிடஸின் அவதூறை அது மறுக்கவில்லை. ஆனால் அவதூறுக்குரியவளுக்கு ஒரு மனத்தைக் கொடுத்தது. 2013-இல் எடுத்த ஜாங் ஹுய்-பின் தொடர் எதிர்த்திசையில் போய், அவளைக் காதலுக்காகவே வாழ்ந்த நிரபராதியாக ஆக்கியது. எண்ணம் நல்லதுதான். ஆனால் அவளிடமிருந்த தீயை அணைத்துவிட்டது. குற்றத்தைத் துடைத்தால் பெண்ணுக்கு நியாயம் செய்துவிட்டதாகாது என்பதற்கு அந்தத் தொடர் ஒரு சான்று. ஹுய்-பின்னுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் அவளுடைய கணவர் சுக்ஜோங் மன்னரைக் காட்ட வேண்டும். அரசவைக் கட்சிகளை மாற்றி மாற்றி ஏற்றியும் இறக்கியும் ஆண்டவர் அவர். 1689-இல் ஒரு கட்சியோடு ஹுய்-பின் எழுந்ததும், 1694-இல் அந்தக் கட்சியோடு அவள் விழுந்ததும் அவருடைய அரசியல். நினைவில் நிற்பதோ இரண்டு பெண்களின் சண்டை.

இந்தப் பழக்கம் நமக்கும் அந்நியமல்ல. ஆதித்த கரிகாலன் கொலை தொடர்பாகக் காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டில் வரும் கொலையாளிகள் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலிய ஆண்கள். சோழ அரசில் பட்டம் பெற்ற அதிகாரிகளும் அவர்களில் உண்டு. ‘பொன்னியின் செல்வ’னில் அந்தச் சதியின் நடுவே கல்கி வைத்தது நந்தினியை, கல்வெட்டில் அவள் இல்லை. நந்தினி தமிழ்ப் புனைவின் மிகச் சிறந்த பெண்களில் ஒருத்தி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, அவளுடைய காயத்தையும் கல்கி மறைக்கவில்லை. ஆனாலும் இன்று ஆதித்தன் கொலை என்றதும் அதிகாரிகளின் பெயர் யாருக்கும் நினைவில் வருவதில்லை. நந்தினியின் முகம்தான் வருகிறது.

அரசுகள் இந்தத் தொடர்கள்மேல் கோபப்பட்ட வரலாற்றிலும் ஒரு செய்தி இருக்கிறது. துருக்கியில் 2011 முதல் ஓடிய ‘மகத்தான நூற்றாண்டு’ தொடரின் நாயகி ஹுர்ரெம் சதி செய்கிறாள், எதிரிகளை ஒழிக்கிறாள். 2012 நவம்பரில் அப்போதைய பிரதமர் எர்தோவான் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அவருடைய குறை ஹுர்ரெமின் சதிகளைப் பற்றியது அல்ல. போர்க்களத்தில் குதிரைமேல் வாழ்ந்த சுல்தான் சுலைமானை அந்தப்புரத்தில் காட்டுகிறார்களே என்பதுதான். நாயகியின் பாவம் பொறுத்துக்கொள்ளக்கூடியது. பேரரசர் சின்ன மனிதராகத் தெரிவதுதான் பொறுக்க முடியாதது. சீனாவில் 2019 ஜனவரியில் ‘பெய்ஜிங் நாளிதழ்’ அரண்மனைத் தொடர்களின் தீய விளைவுகளைப் பட்டியலிட்டது. அரச வாழ்க்கை மோகம், அந்தப்புரச் சூழ்ச்சி, ஆடம்பரம் எல்லாம் அதில் இருந்தன. சில நாட்களில் செயற்கைக்கோள் அலைவரிசைகள் அத்தகைய தொடர்களை நிகழ்ச்சிநிரலிலிருந்து எடுத்தன.

அதில் முக்கியமாக அடிபட்டது 2018-இல் ஐச்சீயி தளத்தில் 70 பகுதிகளாக வந்த ‘யான்சி அரண்மனை’. அந்த ஆண்டு உலக அளவில் கூகுளில் மிக அதிகமாகத் தேடப்பட்ட தொலைக்காட்சித் தொடர் அது. நாயகி வெய் யிங்லுவோ அக்காளின் சாவுக்குப் பழிவாங்க வேலைக்காரியாக அரண்மனைக்குள் வருகிறவள். அடித்தால் உடனே திருப்பி அடிப்பாள். எல்லாச் சண்டையிலும் வெல்வாள். விறுவிறுப்பு, நிறங்கள், நடிப்பு எல்லாம் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் தாவ் தொங்ஃபெங் 2013-இல் எழுதிய குற்றச்சாட்டு ஜென் ஹுவானைவிட இவளுக்கே பொருந்தும். அவள் விழவைத்தவர்களின் சாவு அவள்மேல் பாரமாக இறங்குவதில்லை. அழுத்தம் கூடும்போது இவள் ஏதோ செய்வாள் என்று காத்திருக்கிறோம், செய்கிறாள், கைதட்டுகிறோம், அடுத்த எதிரி வருகிறாள். ஜென் ஹுவானைவிடக் குறைவாகத்தான் யிங்லுவோ பாவம் செய்கிறாள். ஆனாலும் அறத்தைப் பற்றி நமக்கு அதிகம் சொல்வது ஜென் ஹுவானின் கதைதான்.

‘ஜென் ஹுவானின் கதை’யையும் குறைசொல்லாமல் விட முடியாது. யோங்ஜெங் இறக்கும் காட்சியில் அதன் உச்சமும் குறையும் சேர்ந்தே இருக்கின்றன. இரட்டைப் பிள்ளைகள் என்னுடையவைதானா என்று படுக்கையில் கிடந்தபடி அவர் கேட்கிறார். நாட்டு மக்கள் எல்லாரும் பேரரசரின் பிள்ளைகள்தானே என்ற பொருளில் ஜென் ஹுவான் பதில் சொல்கிறாள். அவர் அந்தக் கோபத்திலேயே உயிர்விடுகிறார். அரசர் எல்லாருக்கும் தந்தை என்ற அரச தத்துவத்தையே எடுத்து அவர் கழுத்தில் வைக்கும் அந்த இடம் அபாரம். ஆனால் தூபத்தில் கஸ்தூரி கலந்த குற்றம், தம்பி யுன்லியைக் கொல்ல ஜென் ஹுவானின் கையிலேயே நஞ்சைக் கொடுத்த குற்றம் எல்லாவற்றுக்கும் அவர் கொடுக்கும் விலை இந்த ஒரு நொடி அவமானம் மட்டுமே. 76 பகுதிகளில் பெரும்பாலான நேரம் நாம் பார்த்தது பெண்கள் பெண்களை அழிப்பதை. ஆணையிட்டவர் சபையில் நிதானமாக அமர்ந்து அவர்களை விசாரித்துக்கொண்டிருந்தார்.

இந்தக் குறையை லியூ லியான்ட்ஸியே உணர்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய அடுத்த நாவல் 2018-இல் ‘ருயியின் கதை’யாக 87 பகுதிகளில் தொலைக்காட்சிக்கு வந்தது. இப்போது அரியணையில் சியான்லொங். நியோஹூரு, அதாவது ஜென் ஹுவான், பேரரசித் தாயாக இருக்கிறாள். மகனை நம்ப முடியாததால், அவன் மனத்தை அறிந்து சொல்ல யெஹெ நாரா குலத்து யிஹுவான் என்ற இளம்பெண்ணை அவனுடைய அந்தப்புரத்துக்கு அனுப்புகிறாள். அந்தப் பெண் உளவாளியாக இருக்க மறந்து அவனை மனதாரக் காதலித்துவிடுகிறாள். யார் அனுப்பியவள் என்று அறிந்த பேரரசன், கரு நிலைக்க உதவும் மருந்து என்று சொல்லிக் கருத்தடை மருந்தை அவளுக்குக் குடிக்கக் கொடுத்துவருகிறான். அவள் நன்றியோடு குடிக்கிறாள். உண்மை தெரிந்த நாளில் தன்னையே எரித்துக்கொள்கிறாள். யோங்ஜெங்கின் தூபத்தை அவர் மகன் மருந்துக் கிண்ணமாக மாற்றிக்கொண்டான். அந்த இளம்பெண்ணை உள்ளே அனுப்பியவள், ஒரு காலத்தில் அந்தப்புரத் தேர்வில் தன்னை ஒதுக்கிவிட மாட்டார்களா என்று ஏங்கிய அதே நியோஹூருதான். ஜென் ஹுவான் செய்த பாவங்களில் மன்னிக்கக் கடினமானது இதுதான்.